இரண்டரை மில்லிமீட்டர்

செய்யூரில் என் வீட்டு மொட்டை மாடியில் மட்டும் மழை பெய்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் இல்லை. எதிர் வீட்டில் இல்லை. கடற்கரையோரம் கடப்பாக்கத்தில் இல்லை. இதில் சந்தேகப்பட ஏதாவது இருக்கிறது என்று எனக்கு ஐந்து வாரமாகத் தோன்றவில்லை. என் அறிவின் அளவு இதிலிருந்தே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

என் பெயர் அருணகிரி. வயது ஐம்பத்திரண்டு. பத்தொன்பது வருடம் சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குக் கேப் அனுப்பும் வேலை பார்த்தேன். யார் எந்த ஷிஃப்டு, யார் வீடு எந்தச் சந்தில், எந்த டிரைவருக்கு எந்த டிரைவரோடு ஆகாது, எவ்வளவு மழைக்கு எந்த ரோட்டில் தண்ணீர் நிற்கும், எல்லாம் என் தலைக்குள் இருந்தன. போன பிப்ரவரியில், இனி இதை ஒரு ஆப் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். நான் சிரித்தேன். ஆப் சிரிக்கவில்லை, வேலையைப் பார்த்தது. மார்ச் மாதம் நான் வீட்டில் இருந்தேன்.

வீட்டில் இருந்தேன் என்றால் படுத்திருந்தேன். என் மனைவி வசந்தா அங்கன்வாடி டீச்சர். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து வைத்து, எட்டேமுக்காலுக்குக் கிளம்பிவிடுவாள். நான் பத்து மணிக்குக் கண் விழித்து மின்விசிறியைப் பார்ப்பேன். அது ஓடினால் கரண்ட் இருக்கிறது, ஓடாவிட்டால் இல்லை. அன்றைய செய்தி அவ்வளவுதான். சவரம் வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் யாராவது செத்தால்.

ஜூனில் தலை சுற்றியது. பி.பி. நூற்றைம்பதுக்கு நூறு. பார்த்த டாக்டர் பெண்ணுக்கு என் மகள் கீர்த்தனா வயதுதான் இருக்கும். பொழுதுபோக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் இரண்டு மாத்திரைகளுக்குக் கீழே மூன்றாவதாக 'ஹாபி, தினமும் காலையில்' என்று எழுதிக் கொடுத்தார். வசந்தா அந்தச் சீட்டை மருந்துச் சீட்டாகவே எடுத்துக்கொண்டாள். இரண்டு மாத்திரை போட்டாச்சு, மூன்றாவது எங்கே என்று தினமும் கேட்க ஆரம்பித்தாள். கல்யாணத்துக்கு முன்பு எங்கள் வீட்டிலிருந்து போன ஜாதகத்தோடு ஒரு காகிதமும் போனதாம். அதில் 'பொழுதுபோக்கு: புத்தகம் படித்தல், கிரிக்கெட், தோட்டக்கலை' என்று இருந்ததாம். இருபத்தாறு வருடமாக இந்த மூன்றில் ஒன்றையாவது பார்க்கக் காத்திருப்பதாகச் சொன்னாள்.

தோட்டக்கலையை ஆரம்பித்தேன். பத்து மிளகாய்ச் செடி வைத்தேன். ஆட்டுக்கு ஒரு பொழுதுபோக்கு கிடைத்தது. அடுத்து நடைப்பயிற்சி. துணைக்கு வந்தவன் வசந்தாவின் தம்பி கலையரசன். அவனுக்கு வேர்க்கடலைக் கொல்லையும் (அவன் பாஷையில் மல்லாட்டை) கொஞ்சம் சவுக்கும் இருக்கின்றன. அவனோடு நடந்தால் எந்தத் திசையில் கிளம்பினாலும் டீக்கடையில்தான் முடியும். பத்து நாளில் என் எடை ஒரு கிலோ கூடியது.

மழைமானி தற்செயலாக வந்தது. சிறுசேரியில் என் லிஸ்டில் இருந்த ஹம்சினி என்ற பெண் செங்கல்பட்டில் இருக்கிறாள். முப்பத்துமூன்று வயது. பகலில் கம்பெனிக் கணக்குகளை அலசுவாள். மிச்ச நேரத்தில் மாவட்டம் முழுக்க மழை அளக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறாள். பதினான்கு ஊர், பதினான்கு மாடி. ஒரு பெருமழை நாளில், எல்லாக் கேப்பும் நின்றுபோன நேரத்தில், நான் அவளைத் திருக்கழுக்குன்றம் சுற்றி வீட்டுக்கு அனுப்பி வைத்தேனாம். எனக்கு நினைவில்லை. அவளுக்கு இருந்தது. செய்யூரில் அளக்க ஆள் இல்லை, நீங்கள் செய்வீர்களா அண்ணா என்று கேட்டாள். கீர்த்தனா பெங்களூரிலிருந்து ஆன்லைனில் மழைமானி வாங்கி அனுப்பினாள். நாலு அங்குல வாயுள்ள பிளாஸ்டிக் குழாய், மேலே புனல், உள்ளே கோடு போட்ட மெல்லிய குழாய். இதற்குள் என் பி.பி.யைச் சரிசெய்யும் சாமான் என்ன இருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஹம்சினியின் சட்டங்கள் கடுமையானவை. தினமும் காலை எட்டரைக்கு அளக்க வேண்டும். எட்டரைக்கு மேல் பெய்தால் அது நாளைய கணக்கு. குத்துமதிப்பு கூடாது. மழை இல்லாவிட்டால் பூஜ்யம் என்று எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் அது பூஜ்யம் ஆகாது, வெற்றிடம். இரண்டும் வேறு வேறு. "சீரோன்னா நீங்க போய்ப் பாத்தீங்க, ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம். பிளாங்க்னா நீங்க போகவே இல்லேன்னு அர்த்தம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். வேலை போன ஆறு மாதமும் நான் எந்த வகையில் இருந்தேன் என்பது எனக்குத் தெரியும்.

எட்டரைக்கு மாடியில் நிற்க வேண்டும் என்றால் எட்டுக்காவது எழ வேண்டும். மாடியில் நின்றால் எதிர் வீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள் என்பதால் சவரம் செய்ய வேண்டும். எழுதிய பிறகு கடப்பாக்கத்தில் படகு வைத்திருக்கும் தாமோதரன் போனில் காற்று எந்தப் பக்கம் என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டும் என்றால் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். மாமல்லபுரத்திலிருந்து வேதாந்தம் என்ற பெரியவர் தினமும் 'அடியேன் 4.2' என்று எழுதுவார். நானும் ஒரு நாள் 'அடியேன் 6.0' என்று எழுதிப் பார்த்தேன். பதிலுக்குச் சிரிக்கும் பொம்மை ஒன்று அனுப்பினார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் இல்லை. வேலையில் இருந்தபோது தினமும் நானூறு பேர் கூப்பிடுவார்கள், ஒருவரும் பொம்மை அனுப்பியதில்லை.

அக்டோபர் முதல் இரண்டு வாரம் நன்றாகப் பெய்தது. பி.பி. இறங்கியது. வசந்தாவிடம் சாப்பிடும்போதெல்லாம் மழைப் பேச்சுதான். இரண்டரை மில்லிமீட்டராவது பெய்தால்தான் அதை 'மழை நாள்' என்று கணக்கில் சேர்ப்பார்கள், அதற்குக் கீழே பெய்தால் வெறும் தூறல் என்று அவளுக்கு மூன்று முறையாவது விளக்கியிருப்பேன். அவள் சாம்பாரைக் கிளறிக்கொண்டே ம் கொட்டுவாள். காதில் வாங்கவில்லை என்றே நினைத்தேன்.

பிறகு மழை நின்றது. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். எட்டு நாள். பூஜ்யம் எழுதுவது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாடிக்குப் போய், ஒன்றுமில்லாததைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு இறங்கி வருவதற்கு எதற்கு சவரம் செய்ய வேண்டும்? ஏழாம் நாள் லுங்கியோடு படுத்தே இருந்து எட்டு இருபத்தொன்பதுக்கு ஓடினேன். எட்டாம் நாள் நாஸ்தாவைக் கையால் தொட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள், அக்டோபர் இருபத்துநான்கு, குழாயில் 1.2 இருந்தது.

மாடித் தரை காய்ந்திருந்தது. அதனால் என்ன, விடியற்காலையில் பெய்து வெயிலில் காய்ந்திருக்கும். கீழே வந்து, மழை நாள் இல்லை, ஆனாலும் ஏதோ பெய்திருக்கிறது என்று வசந்தாவிடம் சொன்னேன். மறுநாள் 2.5 இருந்தது. மழை நாள்! அன்றைக்கு ஐந்து இட்லி சாப்பிட்டேன். மூன்று நாள் விட்டு மறுபடி 2.5. நவம்பர் பதினொன்றுக்குள் இப்படி ஏழு முறை. ஒவ்வொரு முறையும் அது கோட்டை மயிரிழையில் தொட்டு நின்றதில் எனக்கு ஒரு வெற்றிப் பெருமிதம், ஏதோ நானே அதை இழுத்துப் பிடித்து நிறுத்தியதைப்போல.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நான் ஒரு கோட்பாடு வகுத்தேன். கடற்காற்று ஓதியூர் ஏரி மேல் வரும்போது ஈரத்தை வாரிக்கொள்கிறது, சவுக்குத் தோப்பில் முட்டி மேலே எழுகிறது, சரியாக எங்கள் தெருவுக்கு மேலே வந்து இறக்கிவிடுகிறது. இதற்குச் 'செய்யூர்த் தூறல்' என்று பெயரும் வைத்தேன். குழுவில் பதினோரு நிமிடக் குரல் பதிவாகப் போட்டேன். வேதாந்தம் மட்டும் முழுதும் கேட்டதாகச் சொன்னார். அவருக்கு அன்று பேருந்து தாமதமாம்.

கலையரசன் கோட்பாட்டை ஏற்கவில்லை. அவன் கொல்லை என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஒரு நாள் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தான்.

"இன்னா மாமா, உன் வூட்டு மேல மட்டும் தனியா பைப்பு போட்டு வுட்டுகீறாங்களா? என் மல்லாட்ட வாயப் பொளந்துகினு நிக்குது. உன் மாடிய பேத்து எடுத்தாந்து என் கொல்லையில வையேன், உனக்குப் புண்ணியமா போவும்."

அறிவியல் தெரியாதவனோடு பேச எனக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டு அவன் காசிலேயே டீ குடித்துவிட்டு வந்தேன்.

நவம்பர் கடைசி வியாழக்கிழமை மாலை ஹம்சினி போன் செய்தாள். மாதக் கணக்கு போட உட்கார்ந்திருக்கிறாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஊருக்கு வர மழை மட்டும் ஏன் கரெக்டா ரெண்டரைல வந்து நிக்கறது?"

செய்யூர்த் தூறலை விளக்க ஆரம்பித்தேன். அவள் குறுக்கிட்டாள். அந்த ஏழு நாளும் கடப்பாக்கத்தில் பூஜ்யம். மதுராந்தகத்தில் பூஜ்யம். ரேடாரில் ஒரு புள்ளி மேகம் கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னாள். காரணம் தெரிந்தால் சரிசெய்யலாம். தெரியாவிட்டால் செய்யூரை அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். குழுவில் நான் இருக்கலாம், படிக்கலாம், ஆனால் அளவு எழுத முடியாது. "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு அண்ணா. ஆனா ஒரு ஊருக்கு விட்டுக் கொடுத்தா பதினாலு ஊரையும் யாரும் நம்ப மாட்டாங்க."

சரிம்மா என்றேன். ஒரு பிளாஸ்டிக் குழாய் போனால் போகிறது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எட்டரை மணி இல்லாவிட்டால் எட்டு மணி எதற்கு, எட்டு இல்லாவிட்டால் சவரம் எதற்கு என்று கணக்கு பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும், மின்விசிறியில்தான். வெள்ளிக்கிழமை காலை ஒரு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. வசந்தா என்ன என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஹம்சினி வருகிறாள், மாடியைப் பார்க்க என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளி முழுக்கத் துப்பு துலக்கினேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தாலும் அது மறு மூலையில் இருக்கிறது. காக்கை குளித்திருக்கலாம், ஆனால் காக்கை அளந்து குளிக்காது. மீதி இருந்தவன் கலையரசன். மாடிக்கு வெளியிலிருந்தே படிக்கட்டு உண்டு. என்னைக் கேலி செய்வதற்காக விடியற்காலையில் வந்து ஊற்றக்கூடியவன்தான். நேரே கொல்லைக்குப் போய்க் கேட்டுவிட்டேன். அவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

"மாமா, தண்ணி இருந்தா நான் மல்லாட்டைக்கு ஊத்த மாட்டேனா? உன் குழாய்ல கொண்டாந்து ஊத்தறதுக்கு எனக்கு இன்னா பேஜாரு?"

வந்த வழியே திரும்பினேன்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே எழுந்தேன். நடைப்பயிற்சிக்குப் போகிறேன் என்று வசந்தாவிடம் சொன்னேன். அவள் என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தெருமுனை வரை நடந்து, திரும்பி வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளிப் படிக்கட்டில் ஏறித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தினேன். நாட்டின் கொசு வளம் அந்தத் தொட்டிக்குப் பின்னால்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. என் வீட்டு மாடியில் நானே திருடனைப்போல உட்கார்ந்து, சொந்த மச்சானைப் பிடிக்கக் காத்திருந்தேன். இதற்கு மேல் ஒரு பொழுதுபோக்கு ஒரு மனிதனுக்கு என்ன செய்துவிட முடியும்?

வெளுக்க ஆரம்பித்தபோது படியில் காலடி கேட்டது. வந்தது வசந்தா.

முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். ஒரு கையில் சொம்பு, இன்னொரு கையில் இருமல் மருந்து பாட்டிலின் அளவு மூடி. வானத்தை ஒரு முறை பார்த்தாள், எங்கேயாவது மேகம் இருந்து தன் வேலையை மிச்சப்படுத்துமா என்பதுபோல. பிறகு மூடியில் தண்ணீரைக் கோடு வரை ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிச் சரிபார்த்து, புனலில் விட்டாள். இன்னொரு மூடி. குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குழாயின் கோட்டைப் படித்தாள். நான் படிப்பதைவிட நன்றாகப் படித்தாள். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பேனாவையும் சின்ன நோட்டையும் எடுத்து எதையோ எழுதிக்கொண்டு இறங்கிப் போனாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பதினோரு நிமிடக் குரல் பதிவு கண் முன்னால் வந்தது. ஓதியூர் ஏரி வந்தது. எழுந்து கத்தலாம் என்று பார்த்தால் கால் மரத்துப்போயிருந்தது. அது சரியாவதற்குள் கோபம் எங்கேயோ போய்விட்டது. முதல் 1.2 எந்த நாள் வந்தது என்பது நினைவுக்கு வந்ததும் மறுபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் நாஸ்தாவைத் தொட்டுவிட்டு எழுந்த நாளுக்கு மறுநாள். 1.2 போதவில்லை, மழை நாள் இல்லை என்று நான்தான் வந்து சொன்னேன். மறுநாள் இரண்டாவது மூடியும் சேர்ந்துவிட்டது.

எட்டரை ஆயிற்று. குழாயில் 2.5. அதை எழுதினால் பொய். பூஜ்யம் என்று எழுதினால் வசந்தா கண்டுபிடித்துவிடுவாள், நான் கண்டுபிடித்ததை. முதல்முறையாக நான் எதுவும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று வசந்தா கேட்டாள். கண்ணாடி கிடைக்கவில்லை என்றேன். கண்ணாடி என் மூக்கில் இருந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஹம்சினி ஸ்கூட்டரில் வந்தாள். அளவு நாடா, ரசமட்டம், ஒரு நோட்டு. மாடியில் அரை மணி நேரம் அளந்தாள். குழாய் நேராக இருக்கிறது. தொட்டி தூரத்தில் இருக்கிறது. மேலே மரக்கிளை இல்லை. குழுவிலேயே நல்ல இடம் என்னுடையதுதான் என்றாள். பிறகு கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்போ தண்ணி எங்கேருந்துண்ணா வந்தது?"

ராத்திரியெல்லாம் யோசித்து நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். வசந்தா ஊரில் டீச்சர். பிள்ளைகளின் எடையைப் பத்து கிராம் கூடக் கூட்டி எழுதாதவள் என்று பெயர் எடுத்தவள். புருஷனின் மழைமானியில் தண்ணீர் ஊற்றினாள் என்று பதினான்கு ஊருக்குத் தெரிய வேண்டாம். எனக்கென்ன, கெடுவதற்குப் புதிதாக ஒரு பெயர் இருக்கிறதா?

"நான்தாம்மா ஊத்துனேன்" என்றேன். "சீரோ எழுத ஒரு மாதிரி இருந்துச்சு."

ஹம்சினி அளவு நாடாவை மெதுவாகச் சுருட்டினாள். எந்த ஷிஃப்டு முடிந்தாலும், எவ்வளவு நேரம் ஆனாலும், வண்டி வரும் என்று நான் சொன்னால் வரும் என்று நம்பிய பெண். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மழைமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போனை எடுத்தாள். அட்டவணையைத் திறக்கிறாள் என்று புரிந்தது.

படியில் டம்ளர்கள் கணகணத்தன. வசந்தா மோர் கொண்டுவந்திருந்தாள். எவ்வளவு நேரமாக அங்கே நின்றாள் என்று தெரியவில்லை. தட்டைக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்தாள்.

"இவரு பொய் சொல்றாரும்மா. காலைல அஞ்சு மணின்னு ஒண்ணு கீதுன்னே இவருக்குத் தெரியாது. ஊத்துனது நானு."

ஹம்சினி என்னைப் பார்த்தாள். நான் மோரை எடுத்துக் குடித்தேன்.

வசந்தா கீழே போய் நோட்டை எடுத்து வந்தாள். அங்கன்வாடியில் பிள்ளைகளின் எடை எழுதும் நோட்டின் தம்பி. அதேபோலக் கட்டம் போட்டிருந்தாள். தேதி, நேரம், எத்தனை மூடி, குழாயில் எவ்வளவு. ஒவ்வொரு முறை ஊற்றியதும் அதில் இருந்தது. ஹம்சினிக்குக் கண் விரிந்தது. ஒரு மூடி பத்து மில்லியா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் வசந்தா. இரண்டு மூடி ஏன் என்று கேட்டாள்.

"ரெண்டரை இருந்தாதான் மழை நாளுன்னு இவருதானே சொன்னாரு."

"எழுதி வேற வச்சிருக்கீங்களே அக்கா."

"அளந்தா எழுத வாணாமா?" என்றாள் வசந்தா, இதென்ன கேள்வி என்பதைப்போல.

ஆனால் நோட்டில் இன்னும் இரண்டு கட்டங்கள் இருந்தன. அவற்றுக்குத் தலைப்பு இல்லை. ஹம்சினி படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

அக்டோபர் 22: 0 மூடி. இட்லி 2. பேசல. அக்டோபர் 23: 0 மூடி. இட்லி தொட்டதோட சரி. திரும்பிப் படுத்தாரு. அக்டோபர் 24: 1 மூடி. இட்லி 3. கொஞ்சம் பேசினாரு. அக்டோபர் 25: 2 மூடி. இட்லி 5. ஏரி, காத்துன்னு பேசினாரு. புரியல. நல்லா இருந்தாரு.

நான் பக்கத்தைத் திருப்பினேன். தினமும் இருந்தது. உப்புமா செய்த நாட்களில் மட்டும் கோடு. உப்புமா நாளில் எடுத்த அளவு யாருக்கும் செல்லாது என்று வசந்தா விளக்கினாள். சவரம் செய்த நாட்களுக்கு ஒரு புள்ளி. அதற்குப் பிறகு, முந்தின நாள் இட்லி இரண்டுக்குக் கீழே போனால் மறுநாள் காலை ஊற்றுவது. இதுதான் அவள் முறை. எடை குறைந்த பிள்ளைக்குச் சத்துமாவு கொடுப்பதைப்போல. வாழ்நாளில் என்னை யாரும் இவ்வளவு கவனமாக அளந்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மோர் பட்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹம்சினி நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கட்டம் போட்ட எதைப் பார்த்தாலும் சும்மா இருக்க முடியாது. விரலால் தடவிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள்.

"அக்கா, நவம்பர் பன்னண்டுலேருந்து, நேத்த விட்டா, நீங்க ஊத்தவே இல்லையே."

"நல்லா சாப்டுகினு இருந்தாரு. எதுக்கு ஊத்தணும்?"

"அதான் கேக்கறேன். அதுல ரெண்டு நாள்தான் நிஜ மழை. மிச்சம் பதிமூணு நாள் சீரோ. சீரோ நாள்லயும் நாலு, நாலு, அஞ்சு, நாலுன்னு இருக்கு. புள்ளியும் தினம் இருக்கு."

வசந்தா நோட்டை வாங்கி அவளே ஒரு முறை பார்த்தாள். உதடு அசைய எண்ணினாள். எனக்கும் அது புதுச் செய்திதான். மழை பெய்தால்தான் நான் நன்றாக இருக்கிறேன் என்று அவள் நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எப்போதிலிருந்து என்று தெரியாமல், வெறுங்குழாயைப் பார்ப்பதற்கே எட்டு மணிக்கு எழ ஆரம்பித்திருக்கிறேன். பூஜ்யம் எழுதிவிட்டுத் தாமோதரனோடு காற்றைப் பற்றிப் பேசி, வேதாந்தத்தை வம்புக்கு இழுத்து, நான்கு இட்லியும் சாப்பிட்டிருக்கிறேன். எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

"அப்ப நேத்து எதுக்கு அக்கா ஊத்தினீங்க?"

"வெள்ளிக்கிழமை ஒண்ணே ஒண்ணு சாப்டாரு" என்றாள் வசந்தா. "நீ வரேன்னு சொன்னதுக்கு."

ஹம்சினி முதல்முறையாகச் சிரித்தாள். பிறகு தன் நோட்டைத் திறந்து, எட்டு நாள் அளவிலிருந்தும் ஊற்றியதைக் கழித்தாள். 1.2 பூஜ்யம் ஆனது. ஏழு 2.5-ம் பூஜ்யம் ஆயின. செய்யூரின் ஏழு மழை நாட்களும் செய்யூர்த் தூறலும் என் கண்ணெதிரிலேயே ஆவியாகிப் போயின. எவ்வளவு ஊற்றியது என்று எழுதி இருப்பதால் திருத்த முடிகிறது, எழுதாமல் விட்டிருந்தால் மொத்தத்தையும் தூக்கியிருப்பேன் என்றாள். சனிக்கிழமைக் கட்டத்தைக் காட்டி என்ன செய்வது என்று கேட்டாள். நான் எழுதவில்லை, அது வெற்றிடமாகவே இருக்கட்டும் என்றேன். அவள் தலையாட்டினாள். அட்டவணையில் செய்யூர் என்பதற்கு எதிரே என் பெயருக்குப் பக்கத்தில் வசந்தாவின் பெயரையும் சேர்த்தாள். நான் ஊருக்குப் போனால் யார் அளப்பது என்று காரணம் சொன்னாள். நான் எந்த ஊருக்கும் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

கிளம்பும்போது ஸ்கூட்டரில் உட்கார்ந்துகொண்டு, குரல் பதிவையும் குழுவிலிருந்து நீக்கிவிடலாமா என்று கேட்டாள். வேதாந்தம் சார் முழுதும் கேட்டிருக்கிறார், அவருக்காக இருக்கட்டும் என்றேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு எழுந்தேன். சவரம் செய்தேன். மாடிக்குப் போனேன். குழாய் காய்ந்திருந்தது. குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, வசந்தா படித்ததைப்போலப் படித்தேன். 0.0 என்று எழுதி அனுப்பினேன். வேதாந்தம் 'அடியேனும்' என்று எழுதியிருந்தார். எதிர்ப் பக்கம் சைக்கிளில் போன கலையரசன் தலையைத் தூக்கி, இன்று மாடியில் கரண்ட் இல்லையா, பைப்பு ஓடவில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனான்.

கீழே வந்து உட்கார்ந்தேன். வசந்தா நான்கு இட்லி வைத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஐந்தாவதையும் எடுத்துத் தட்டில் போட வந்தாள். நான் கையால் தட்டை மறைத்தேன்.

"நாலுதான் எனக்கு. நீயா ஊத்தாத."

அவள் ஐந்தாவதைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு, நோட்டை எடுத்து நாலு என்று எழுதினாள். புள்ளியும் வைத்தாள். எட்டேமுக்காலுக்கு அங்கன்வாடிக்குக் கிளம்பினாள்.

அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது நான் எழுந்து போய் அந்த ஐந்தாவதை எடுத்துத் தின்றேன். வாசலுக்கு வந்து, ஐந்து என்று திருத்தி எழுதிவிட்டுப் போகச் சொன்னேன்.

"எட்டரை தாண்டிடுச்சு" என்றாள். "நாளைக் கணக்குல வரும்."